இருக்கிறம், போம்!

வா மருமோன். சப்பாத்தை வாசலிலை கழட்டிப்போட்டு, கடவுளிலை உள்ள கோவத்தை மட்டும் உள்ளுக்குக் கொண்டு வா. கேப்பம்.

எனக்கு முதலே எல்லாம் தெரியும். கொம்மா விடியக்காலமை வட்சப்பிலை அழுதவள். "அண்ணை, அவன் கடவுள் இல்லை எண்டு கதைக்கத் தொடங்கீட்டான். திருநீறு பூசுறேல்லையாம். வெள்ளிக்கிழமையும் இறைச்சி தின்னுறானாம்" எண்டாள். "எடியே, சிலபேர் எயார்போட்டிலை இறங்கேக்கையே சொல்லிப்போடுவினம். உன்ரை பிள்ளை இவ்வளவு காலம் பொறுத்துத்தானே சொல்லியிருக்கிறான், பொறுமைசாலி" எண்டு நான் சொன்னன். அவளுக்கு அது ஆறுதலாய் இருந்ததோ தெரியேல்லை, போனை வைச்சிட்டாள்.

சரி, குந்து. உன்ரை வழக்கைச் சொல்லு. வேண்டாம், நானே சொல்லுறன், பிழையெண்டால் திருத்து. அகதி விண்ணப்பத்தை ஒப்ரா றிஜெக்ட் பண்ணிப்போட்டுது. கொமிசனுக்கு அப்பீல் போட்டிட்டுத் தவம் கிடக்கிறாய். நடுச்சாமம் தாண்டுமட்டும் றெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவிப்போட்டு, கடைசி மெத்ரோவையும் விட்டிட்டு, நைட் பஸ்ஸிலை தூங்கித் தூங்கிப் பொபினிக்கு வாறாய். அறையிலை ஐஞ்சுபேர். நீ வரேக்கை உன்ரை மெத்தையிலை வேறை ஆரோ படுத்திருக்கிறான். ஊரிலை தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகினம், சீதனக்காசுக்கு எல்லாரும் உன்ரை வாயைப் பாக்கினம். இதுக்குள்ளை நல்லூரானைக் கூப்பிட்டாய், பிள்ளையாரைக் கூப்பிட்டாய், பயத்திலை ஒருக்கால் லூர்து மாதாவையும் கூப்பிட்டனி. எனக்குத் தெரியும், லூர்துக்குப் போன பஸ் துண்டு உன்ரை சேட்டுப் பொக்கற்றிலை கிடந்தது. ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை. அதாலை ஒருத்தரும் இல்லை. அவ்வளவுதானே கேஸ்?

ஒரு கேள்வி மட்டும் கேக்கிறன். இல்லாத ஆளோடை ஏன் கோவம்? எனக்கு நெப்போலியனோடை ஒரு கோவமும் இல்லை. ஆள் செத்து இருநூறு வரியம் கழிஞ்சுது. "நெப்போலியா, என்னைக் கைவிட்டிட்டியேடா" எண்டு நான் ஒருநாளும் விடியக்காலமை எழும்பிக் குழறினதில்லை. நீ ஒவ்வொரு இரவும் கோப்பைத் தண்ணிக்குள்ளை கையை விட்டுக்கொண்டு ஒருத்தரை ஏசுறாய். அவர் இல்லையெண்டால் உந்த ஏச்சு ஆருக்கு? கும்பிடுறவங்கள் ஒரு நாளைக்குப் பத்து நிமிசம்தான் அவரை நினைக்கிறாங்கள். நீ எட்டு மணித்தியாலம் நினைக்கிறாய். உன்னைப்போலை ஒரு நாத்திகனைப் பாரிஸ் லாச்சப்பல் முழுக்கத் தேடியும் காணேலாது.

"எங்கை இருக்கிறார், காட்டுங்கோ" எண்டு கேப்பாய். விலாசம் தாறன், எழுது. பஜோல் தெரு, 17ஆம் நம்பர், மாணிக்க விநாயகர். 1985இலை பாரிசிலை குடியேறினவர். அதே 1985இலைதான் ஐஞ்சாம் நம்பர் மெத்ரோவும் பந்தனிலை இருந்து எங்கடை பொபினி மட்டும் நீண்டது. எலியிலை ஏறித் திரியிறவருக்கு நிலத்துக்குக் கீழாலை பாதை வெட்டுறது ஒரு வேலையே எண்டு நான் நினைச்சுக்கொள்ளுவன். எஞ்சினியர்மார் ஒத்துக்கொள்ள மாட்டினம், விடு. அவரும் வந்த நாள் தொட்டு ஒரே இடத்திலை இருக்கேல்லை, வீடு மாறினவர்தான். கோபுரம் இல்லை. தெருவோடை ஒட்டின வாசல். புதுசாய் வந்தவன் வாசலைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மரக்கறிக் கடையிலை விசாரிச்சுத்தான் கண்டுபிடிப்பான். அதுக்காக ஆராவது லாச்சப்பலிலை பிள்ளையார் இல்லை எண்டு சொன்னதோ?

இன்னொண்டையும் பார். இது 1905இலை சட்டம் போட்டு அரசாங்கத்தையும் கோயிலையும் வெட்டிப் பிரிச்ச நாடு. அரசாங்கப் பள்ளிக்கூடச் சுவரிலை ஒரு சாமிப்படம் மாட்டேலாது. அப்பிடிப்பட்ட நாட்டிலை, ஓகஸ்ட் முடியிற பாட்டிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை பொலிசே றோட்டை மறிச்சு விட, அவர் தேரிலை ஏறிப் போறார். குவிச்சு வைச்ச தேங்காயிலை கற்பூரம் எரியுது, அடிக்கிற அடியிலை இளநீர் வெள்ளைக்காரியின்ரை சப்பாத்துக்குள்ளை போகுது, அவளும் சிரிக்கிறாள். போன தேருக்கு நீயும் வந்தனி. கையிலை தேங்காய் இல்லை, போன். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு அவரோடை படம் எடுத்தனி. இப்ப "அவரைக் காணேல்லை" எண்டு சொல்லுறாய். எப்பிடியடா காணுவாய், முதுகிலை கண் இருக்கே?

சரி, அது பகிடி. நீ படிச்ச பிள்ளை. ஓ லெவலிலை சைவநெறிக்கு ஏ எடுத்தனி எண்டு கொம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவள். சிவனுக்கு எத்தினை தொழில்? ஐஞ்சு. சொல்லு பாப்பம். படைத்தல், காத்தல், அழித்தல்... நாலாவதிலை நிண்டிட்டாய் பாத்தியே! மறைத்தல். சோதினைக்குப் பாடமாக்கினாய், சோதினை வரேக்கை மறந்திட்டாய். மெய்கண்டார் வழியிலை வந்த ஆக்கள் எழுநூறு வரியத்துக்கு முன்னம் இதை இருந்து யோசிச்சு எழுதி வைச்சிருக்கினம். மலம் பழுத்துக் கழருமட்டும் உயிரை உலகத்துக்குள்ளை அமுக்கி வைச்சு, தான் பின்னாலை நிக்கிறதும் அருள்தானாம். அவர் முன்னாலை வந்து நிண்டால் நீ கோப்பை கழுவுவியே? ஏப்பிரனைக் கழட்டி எறிஞ்சுபோட்டு செல்பி எடுப்பாய். ஆள் தன்ரை டியூட்டியைச் செய்துகொண்டு நிக்கிறார். நீ ஆளைக் காணேல்லை எண்டு கொம்பிளெயின்ற் குடுக்கிறாய்.

உனக்கு விளங்கேல்லை. முகத்திலை தெரியுது. தத்துவம் சொன்னால் கொட்டாவி வரும், கதை சொன்னால் வராது. தேத்தண்ணியை எடு, சுந்தரர் கதை சொல்லுறன். நால்வரிலை அவர் ஒருத்தர்தான் எங்களைப்போலை ஆள். காசு கேப்பார், பொன் கேப்பார், நெல்லு கேப்பார், கேட்ட நெல்லை வீட்டிலை கொண்டுவந்து இறக்கவும் ஆள் கேப்பார்.

திருவாரூரிலை பரவையார் வீட்டிலை இருக்க, இவர் திருவொற்றியூரிலை சங்கிலியாரைக் கண்டார். என்னை முறைக்காதை, சேக்கிழார் எழுதினதைத்தான் சொல்லுறன். சங்கிலியார் லேசான ஆள் இல்லை. "உன்னை விட்டுப் பிரியமாட்டன் எண்டு சந்நிதியிலை சத்தியம் செய்து தரவேணும்" எண்டு நிண்டா. சுந்தரருக்குச் சிக்கல். ஊர் ஊராய்ப் போய்ப் பாடுற மனிசன், ஒரு இடத்திலை கட்டுப்பட்டு இருக்கேலாது எண்டு அவருக்கே தெரியும். கலியாணமும் வேணும். என்ன செய்தார் தெரியுமே? நேரை சிவபெருமானிட்டைப் போனார். "நான் சத்தியம் செய்யிற நேரம் நீர் ஒருக்கால் மூலத்தானத்தை விட்டு வெளிக்கிட்டு, அந்த மகிழமரத்துக்குக் கீழை போய் நில்லும்" எண்டார்.

கண்டியே மருமோன்? கடவுளை ஒளிஞ்சு நிக்கச் சொன்னதே பத்தன்தான்! பொய்ச்சத்தியத்துக்கு அவர் சாட்சியாய் இருக்கப்படாது, அவ்வளவும்தான் விருப்பம்.

சிவனும் "அதுக்கென்ன" எண்டார். இரவு சங்கிலியாற்றை கனவிலை போய், "பிள்ளை, சத்தியத்தைக் கோயிலுக்குள்ளை வாங்காதை, மகிழமரத்தடியிலை வாங்கு" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டார். விடிஞ்சது. சுந்தரர் தெம்பாய்க் கோயிலுக்குள்ளை போகப் பாக்கிறார். பெண்பகுதி சொல்லுது, வேண்டாம், மரத்தடியிலை செய்தால் காணும் எண்டு. மனிசன்ரை முகம் எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பார். மூலத்தானம் வெறுமையாய்க் கிடக்கு, சிவன் மரத்தடியிலை நிக்கிறார், சத்தியம் அவருக்கு முன்னாலைதான்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். திருவாரூர் வசந்தவிழா ஞாபகம் வர, சத்தியத்தை மீறி வெளிக்கிட்டார். ஒற்றியூர் எல்லை தாண்டினதும் ரெண்டு கண்ணும் போட்டுது. தடவித் தடவித் திருவெண்பாக்கத்துக்கு வந்து, வாசலிலை நிண்டு கேட்டார்: "கோயிலுக்குள்ளை இருக்கிறீரோ?" உன்ரை கேள்விதான். ஒரு எழுத்தும் மாறேல்லை. உள்ளையிருந்து மறுமொழி வந்தது. என்ன மறுமொழி? "ஐயோ என்ரை தோழா, வா, கண்ணைத் துடைச்சு விடுறன்" எண்டோ? இல்லை. "இருக்கிறம், போம்!" அவ்வளவும்தான். பிறிபெக்சரிலை கண்ணாடிக்குப் பின்னாலை இருக்கிற மனிசி உன்ரை பைலைத் திறந்தும் பாக்காமல் சொல்லுற மறுமொழிதான். கண் கேட்டு நிண்டவருக்கு ஒரு ஊண்டுதடி குடுத்து அனுப்பிவிட்டார்.

நீயெண்டால் அதிலையே வட்சப் குறூப்பிலை எழுதியிருப்பாய், கடவுள் இல்லை எண்டு. ஆனால் ஒருக்கால் நிதானமாய்ப் பார். "இருக்கிறம்" எண்டதிலை ஒரு சொல்லும் குறையேல்லை. அவர் கேட்டது அதுதானே? "இருக்கிறீரோ" எண்டு கேட்டார், "இருக்கிறம்" எண்டு வந்தது. "போம்" எண்டதுக்கும் தடி குடுத்துத்தான் விட்டவர். வெறுங்கையோடை துரத்தேல்லை.

இனி உன்ரை மகிழமரக் கதைக்கு வருவம். ஏன் தேத்தண்ணி புரையேறுது? போன வரியம் ஏலச்சீட்டிலை முதலாம் கழிவிலையே காசை எடுத்தனி. எடுக்கேக்கை "பிள்ளையாராணை, மாதா மாதம் தவறாமல் கட்டுவன்" எண்டு சொன்னனி. நாலாம் மாதம் தொட்டு சீட்டுக்காரரைக் கண்டால் லூயி பிளாங் தெருவாலை சுத்திப் போறாய். சத்தியம் செய்யிற நேரம் பிள்ளையார் கொஞ்சம் வெளியிலை நிக்கவேணும், கொமிசன் வாற நேரம் ஓடி வந்து உள்ளை நிக்கவேணும். இதுக்கு ஒரு ரைம்டேபிள் அடிச்சு பஜோல் தெருக் கதவிலை ஒட்டிவிடன். பாவம், அவருக்கும் தெரிஞ்சிருக்கும் எந்த நேரம் இருக்கிறது, எந்த நேரம் இல்லாமல் போறது எண்டு.

இது சைவக்காரருக்கு மட்டும் நடந்தது எண்டு நினையாதை. மார்க்ஸ் டொர்மோய் மெத்ரோவுக்குக் கிட்டடியிலை, லாச்சப்பல் தெருவிலை, சன் தெனி எண்டு ஒரு பழைய தேவாலயம் கிடக்கு. பக்கத்திலை ஒரு பொம்பிளைப்பிள்ளையின்ரை சிலை. ஜான் தார்க். 1429 செப்டெம்பரிலை, பாரிசைப் பிடிக்கப் போறதுக்கு முன்னம், அந்தப் பிள்ளை அதுக்குள்ளை இருந்து செபம் செய்தது எண்டு சொல்லுவினம். அவளுக்கு வானத்திலையிருந்து குரலே கேட்டது. உனக்கும் எனக்கும் கேக்காத குரல். சண்டையிலை என்ன நடந்தது? தொடையிலை அம்பு. பாரிஸ் விழேல்லை. 1431இலை ருவானிலை உயிரோடை கொளுத்திப்போட்டாங்கள். இருபது வயசு வந்திருக்காது. ரோமாபுரி அவளைப் புனிதை எண்டு சொன்னது 1920இலை. உன்ரை கொமிசன் பிந்துது எண்டு அழுகிறாய். அவளின்ரை பைல் கிட்டத்தட்ட ஐநூறு வரியம் மேசையிலை கிடந்தது.

இல்லை, சிரியாதை. இந்தப் பகிடியெல்லாம் ஒரு இடத்திலை போய் நிண்டுபோகும். எங்கடை பொபினியிலை பழைய கூட்ஸ் ஸ்ரேசன் ஒண்டு இருக்கு. காலமை நான் நடக்கிற பக்கம். 1943 யூலை தொட்டு 1944 ஓகஸ்ட் மட்டும், பக்கத்திலை திரான்சி முகாமிலை அடைச்சு வைச்சிருந்த யூதச் சனத்தை அதிலைதான் ரயிலேத்தினவங்கள். 22,000 பேருக்கு மேலை. கிழவன் கிழவி, கைக்குழந்தை, எல்லாம் சரக்குப் பெட்டிக்குள்ளை. கூடுதலான ரயில் போன இடம் அவுஷ்விட்ஸ். 2023இலை அதை நினைவிடமாய்த் திறந்து விட்டிருக்கினம். தண்டவாளத்துக்கு நடுவிலை புல்லு வளர்ந்து கிடக்கு. அதிலை வந்து நிண்டு ஒருத்தன் என்னட்டை "எல்லாம் அவன் செயல்" எண்டு சொன்னால், இந்தப் பொல்லாலை அடிப்பன். முள்ளிவாய்க்காலிலை நிண்டு சொன்னாலும் அதே அடிதான். அங்கை அவர் எங்கை நிண்டவர் எண்டு நீ கேட்டால் என்னட்டை மறுமொழி இல்லை. மறுமொழி வைச்சிருக்கிறன் எண்டு சொல்லுற சாமியாரிட்டை நீ போகாதை, முதலிலை காசு கேப்பான். நான் அந்த வேலியடியிலை தொப்பியைக் கழட்டிப்போட்டு நிப்பன். கும்பிடுறனான். என்னத்தைக் கும்பிடுறன் எண்டு கேளாதை.

அதாலைதான் சொல்லுறன், கோவிக்காதை எண்டு நான் உனக்குச் சொல்லவே இல்லை. சுந்தரர் கதையிலை ஒரு துண்டை விட்டிட்டன், கேள். அந்தத் தடியை வாங்கினவர் என்ன செய்தார் தெரியுமே? கண் கேட்டால் கம்போ தாறாய் எண்டு தூக்கி எறிஞ்சாராம். அது போய் நந்தியிலை பட்டு, நந்தியின்ரை கொம்பு முறிஞ்சுதாம். கோயிலிலை இண்டைக்கும் ஒரு கொம்பு முறிஞ்ச நந்திதான் நிக்குது. நந்தி பாவம், அது ஒரு சோலிக்கும் போகேல்லை. ஆனால் பார், சிவனுக்கு முன்னாலை தடி எறிஞ்ச ஆளை அவர் தள்ளி வைக்கேல்லை. காஞ்சிபுரத்திலை இடக்கண், திருவாரூரிலை வலக்கண். தவணை முறையிலைதான் குடுத்தார், ஆனால் குடுத்தார். ஒண்டை மட்டும் கவனி. மனிசன் ஏசினார், எறிஞ்சார், ஆனால் வெண்பாக்கத்து வாசலிலை குந்திக்கொண்டு இருக்கேல்லை. ஏசிக்கொண்டே நடந்தார். நீ ஏசிப்போட்டு மெத்தையிலை விழுந்து படுக்கிறாய், அதுவும் மற்றவன்ரை மெத்தையிலை.

அந்தத் திருவெண்பாக்கம் இப்ப எங்கை எண்டு தெரியுமோ? தண்ணிக்கு அடியிலை. கொசத்தலையாத்தை மறிச்சுப் பூண்டி நீர்த்தேக்கம் கட்டினவங்கள், 1944இலை முடிஞ்சுது. கோயில் நிண்ட பழைய இடம் அதுக்குள்ளை போட்டுது. சாமியைப் பூண்டியிலை வேறை கோயில் கட்டி வைச்சிருக்கினம். "உள்ளை இருக்கிறீரோ" எண்டு கேட்ட வாசலே இல்லை, மெட்ராஸ் சனம் அதுக்கு மேலை நிக்கிற தண்ணியைக் குடிச்சுக்கொண்டிருக்குது.

எங்கடை ஆக்களுக்கு இது புதுசே? பதினேழாம் நூற்றாண்டு முற்பகுதியிலை பறங்கி நல்லூர்க் கோயிலை இடிச்சான். அந்தக் காலத்திலை கீரிமலைப் பக்கம் ஐயர்மார் விக்கிரகங்களைக் கிணத்துக்குள்ளை இறக்கி ஒளிச்சவை எண்டு கதை இருக்கு. இப்ப நீ பாக்கிற நல்லூர் எழும்பினது 1734இலை. இடையிலை பிறந்து செத்த சனம் எவ்வளவு? அதுகள் வீட்டுக்குள்ளை பதுங்கி விரதம் பிடிச்சுச் சாப்பிட்டு, இலையை ஆருக்கும் தெரியாமல் கூரைக்குள்ளை செருகினதாம். உனக்கு லாச்சப்பலிலை வாழையிலை வாங்கவே காசு இருக்கு, தின்னுறது கெபாப்.

எங்கடை வளவுக்கதை உனக்குக் கொம்மா சொல்லியிருப்பாள். 1990இலை வலிகாமம் வடக்கை விட்டு ஓடேக்கை, வேப்பமரத்தடியிலை வைரவர் சூலம் நிண்டது. தூக்கிக்கொண்டு வாறதுக்கு நேரம் இல்லை. பிறகு அந்தப் பக்கமெல்லாம் உயர்பாதுகாப்பு வலயம், முள்ளுக்கம்பி. வைரவர் உள்ளை, நாங்கள் வெளியிலை. காவல் தெய்வத்துக்கு ஆமி காவல்! சண்டை முடிஞ்ச பிறகு காணியைத் துண்டு துண்டாய் விட்டாங்கள். நானும் இஞ்சையிருந்து போனன். வீடு இல்லை, மதில் இல்லை, வேம்பும் இல்லை. எல்லைக்கல்லைத் தேடிப் பிடிக்கவே பெரும்பாடு. சூலத்தைக் காணவே காணேல்லை. நான் தலையிலை கை வைச்சுக்கொண்டு இருக்க, கொம்மா சுன்னாகத்துக்குப் போய்ப் புதுசாய் ஒரு சூலம் வாங்கிக்கொண்டு வந்து, மண்ணைக் கிளறி நட்டாள். "எடியே, பழையவர் கோவிக்க மாட்டாரோ?" எண்டு கேட்டன். "அவர் எங்கை போனவர்? சூலம்தானே போனது" எண்டு சொல்லிப்போட்டு வடைமாலைக்கு உளுந்து ஊறப்போடப் போட்டாள். ஏழாம் வகுப்போடை பள்ளிக்கூடம் விட்டவள். சைவநெறிக்கு ஏ எடுத்தது நீ.

என்ன, வெளிக்கிடுறியோ? தொண்டைக்குள்ளை ஒரு கேள்வி நிக்குது, கேட்டுப்போட்டுப் போ.

நான் ஒருக்காலெண்டாலும் கண்டிருக்கிறனோ எண்டோ? ஓகோ, இப்ப விசாரணை என்னிலையோ? ஒப்ராக்காரியே உவ்வளவு நேரடியாய்க் கேக்கமாட்டாள். இல்லையடா, காணேல்லை. கண்டிருந்தால் லிப்ட் பழுதாய்ப்போன இந்த ஒன்பதாம் மாடியிலை முழங்கால் நோவோடை இருந்து, உன்னைப்போலை ஒருத்தனுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கொண்டு ஏன் இருக்கிறன்? பின்னேரம் விளக்குக் கொளுத்துறனான், அதுவும் உண்மைதான். மத்தியானம் ஏசுவன், பின்னேரம் கொளுத்துவன். போற வழியிலை சீட்டுக்காரரைக் கண்டால் தெரு மாறாதை, ஒரு அம்பது யூரோவாவது குடு. இறங்கேக்கை இந்தக் குப்பைப் பையையும் கொண்டுபோய்ப் போட்டுவிடு, நான் இறங்கினால் திரும்ப ஏறேலாது.